பிளேட் கேரியர் எங்கே வலிக்கிறது? ஏர்சாஃப்ட் ஆடுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஏர்சாஃப்ட் என்றால் பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டு. அதை ஆடுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். வெறும் சட்டையோடு ஓடியது போதும், மார்பிலும் முதுகிலும் தகடு செருகும் பை வைத்த பிளேட் கேரியர் போட வேண்டும், அதிலும் உள்ளே நுரைத் தகடு வைக்காமல் நிஜ எடை வைக்க வேண்டும். எனக்கும் வந்தது. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வருடம், உடற்பயிற்சிக்கென்று விற்கும் 4 கிலோ இரும்புத் தகடு இரண்டு வாங்கி, மார்பில் ஒன்றும் முதுகில் ஒன்றும் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வலது கையின் சுண்டுவிரல் என்னுடையதாக இல்லை.

அதற்கப்புறம் என் தப்புகளையும் கூட ஆடுபவர்களின் தப்புகளையும் பார்த்துக் குறித்து வைத்ததுதான் இது. வலி வந்தால் எல்லோரும் எடையைத் திட்டுகிறோம். பல நேரம் அந்த எடை உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பு. இடத்தைச் சரிசெய்த பிறகும் வலித்தால் அப்போது எடையைக் குறைக்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். "பிளேட்" என்ற பெயரில் மூன்று சாமான் விற்கிறது. ஒன்று, நிஜத் தோட்டாவைத் தடுக்கும் கவசத் தகடு. ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. பயன்படுத்திய பீங்கான் தகடு மலிவாகக் கிடைத்தது என்று எடைப் பயிற்சிக்கு வாங்குகிறவர்கள் உண்டு. கீழே விழுந்தால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடக்கூடிய பொருள் அது. இரண்டாவது, எடைப் பயிற்சித் தகடு. வெறும் இரும்பு, கவசமே அல்ல. மூன்றாவது, ஈவிஏ நுரைத் தகடு. கேரியர் தொளதொளவென்று தொங்காமல் வடிவம் கொடுக்க மட்டும். ஜோடி சேர்ந்து அரைக் கிலோ வந்தால் அதிகம். இங்கே பேசுவது பின்னிரண்டைப் பற்றி.

எந்த வலிக்கும் முன்னால்: தராசும் கண்ணாடியும்

ஊருக்குப் போகும்போது பெட்டி 30 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்க வீட்டில் ஒரு கொக்கித் தராசு இருக்குமே, அதை எடுங்கள். ஆட்டத்துக்குப் போகும் கோலத்திலேயே கேரியரில் தண்ணீர், மேகசின் (குண்டு நிரப்பும் கூடு), ரேடியோ எல்லாம் போட்டு மாட்டித் தூக்குங்கள். என்னுடையது 13.4 கிலோ காட்டியது. தகடுகள் 8, கேரியரும் பைகளும் 1.6, இரண்டு லிட்டர் தண்ணீர் பையோடு 2.2, ஆறு மேகசின் 0.8, ரேடியோ, டார்ச், சில்லறைச் சாமான் 0.8. என் எடை 68. உடம்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன், கையிலிருந்த 3 கிலோ துப்பாக்கியைச் சேர்க்காமலே. அதுவரை "எட்டு கிலோதானே" என்று சொல்லித் திரிந்தேன்.

அடுத்தது கண்ணாடி. இரண்டு காறை எலும்பும் சேரும் தொண்டைக்குழியில் ஒரு விரலை வையுங்கள். முன் தகட்டின் மேல் விளிம்பு அந்த விரலைத் தொட வேண்டும். கேரியர் துணியின் விளிம்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, தகட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். பின்னால், தலை குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்புக்கு ஓரிரு விரல் கீழே பின் தகடு தொடங்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். முதல் தடவை போடுகிறவர்கள் பெரும்பாலும் தொப்பைக்கு மேல் தொங்கவிடுவார்கள், நானும் அப்படித்தான். அங்கே தொங்கினால் மூச்சும் முட்டும், குனியவும் முடியாது, தோளையும் இழுக்கும்.

தோள் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது

இதுதான் அதிகம் கேட்கும் புகார், உடனே எல்லோரும் தோள்பட்டைக்கு மெத்தை வாங்க ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். விலாவைச் சுற்றி வரும் அகலப் பட்டையை, கம்மர்பண்ட் என்கிறார்களே, அதை முதலில் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் மொத்தச் சுமையும் இரண்டு தோள்பட்டையில் தொங்கும். இறுக்கமாகப் பிடித்தால் உடம்பைச் சுற்றிய உராய்வே கொஞ்சம் சுமையைத் தாங்கிக்கொள்ளும், கேரியரும் ஆடாது.

கட்டும் வரிசையும் முக்கியம். முதலில் தோள்பட்டையைச் சரிசெய்து தகட்டைத் தொண்டைக்குழி மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கம்மர்பண்டைக் கட்டுங்கள். மூச்சை விட்டால் இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டினால் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும், அப்போது ஆத்திரத்தில் தளர்த்துவோம், தோள் மறுபடி எரியும். என் முதல் மாதம் முழுக்க இந்தச் சுற்றில்தான் போனது.

பட்டை சரியாக இருந்தும் எரிகிறதா? மார்பில் இருக்கும் சாமான்களை இடுப்பு பெல்ட்டுக்கு இறக்குங்கள். மேகசின் மூன்று, காலி மேகசினைப் போடும் டம்ப் பௌச், முதலுதவிப் பை எல்லாம் இடுப்பில் இருக்கலாம். இடுப்பெலும்பு தாங்கும் சுமை தோளுக்கு வராது. மெத்தை கடைசியில் வாங்குவது.

கை மரத்துப்போகிறது, விரலில் எறும்பு ஊர்கிறது

இதில் சரிசெய்து பார்ப்பது என்ற பேச்சே இல்லை. உடனே கழற்றுங்கள். கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புக் கற்றையைப் பட்டை அழுத்துகிறது என்று அர்த்தம். கனமான முதுகுப்பை சுமக்கும் சிப்பாய்களுக்கு வரும் இதற்கு மருத்துவத்தில் "ரக்சாக் பால்சி" என்றே பெயர். அசட்டையாக விட்டால் கையைத் தூக்கவே பலமில்லாமல் போவதும், தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கை மாதிரி துருத்துவதும் நடக்கும். தேற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

என் சுண்டுவிரல் கழற்றிய அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. அன்று வரவில்லை என்றாலோ, கையில் பிடி தளர்ந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். அடுத்த தடவை நுரைத் தகடு மட்டும். பட்டை கழுத்தை ஒட்டியோ தோள் முனையிலோ இல்லாமல், தோளின் நடுத் தசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா, கீழே ரேடியோ வயரோ தண்ணீர்க் குழாயோ மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது குழாய்தான். பட்டைக்கு அடியில் கயிறு மாதிரி உருண்டு கிடந்தது.

தொடையின் வெளிப்பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. இடுப்பின் முன் எலும்பருகே பெல்ட்டோ தகட்டின் கீழ் விளிம்போ அழுத்துகிறது. பெல்ட்டைத் தளர்த்தி, பௌச்சுகளைப் பக்கவாட்டுக்குத் தள்ளினால் பொதுவாகப் போய்விடும்.

கீழ்முதுகு வலி

முன்பக்கம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று மேகசின் மூன்று, அதன்மேல் இன்னும் மூன்று, பக்கத்தில் கைத்துப்பாக்கி மேகசின் என்று அடுக்கியிருப்பீர்கள். முன்னால் இழுக்கும் சுமையைச் சமாளிக்க முதுகு பின்னால் வளையும். தண்ணீர்ப் பையைப் பின்னால் மாட்டுங்கள், முன்னால் ஒரே அடுக்கு போதும். மிட்-கேப் என்கிற நடுத்தரக் கொள்ளளவு மேகசினில் 100 குண்டுக்கு மேல் கொள்ளும், காட்டு ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு மூன்றோ நான்கோ தாராளம். ஒரே அடுக்கு என்றால் தரையில் படுத்துச் சுடும்போதும் வயிற்றுக்கு அடியில் செங்கல் வைத்த மாதிரி இருக்காது.

உட்கார்ந்தால் தகடு தாடையில் இடிக்கிறது

ஒன்று, தகடு உங்கள் உடம்புக்கு நீளம். அல்லது பெல்ட் உயரத்தில் இருக்கிறது. மண்டியிடும்போது தகட்டின் கீழ் விளிம்பு பெல்ட்டில் முட்டி, மேல் விளிம்பு தொண்டைக்கு ஏறும். பெல்ட்டை இரண்டு விரல் இறக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் தகட்டை மாற்றத்தான் வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 10-க்கு 12 அங்குலம். அமெரிக்க ராணுவ அளவில் நடுத்தரம் 9.5-க்கு 12.5, சிறியது 8.75-க்கு 11.75. நம்மில் மெலிந்த, குட்டையான ஆட்களுக்குச் சிறியதே சரியாக உட்காரும். "நான் லார்ஜ் சட்டை போடுகிறவன்" என்ற கணக்கு இங்கே செல்லாது. தகட்டின் அளவு நெஞ்சின் அகலத்தைப் பார்த்து எடுப்பது, ஏறக்குறைய ஒரு முலைக்காம்பிலிருந்து இன்னொன்று வரை.

ஓடினால் டப் டப் என்று அடிக்கிறது

கேரியரின் பை ஒரு அளவு, தகடு வேறு அளவு. 10-க்கு 12 தகட்டை லார்ஜ் கேரியரில் போட்டால் உள்ளே சறுக்கும், ஒவ்வொரு காலடிக்கும் விலாவில் அடிக்கும். யோகா பாயை வெட்டிப் பைக்குள் தகட்டின் ஓரங்களில் செருகினால் போதும், செலவு சில்லறைதான். பை கீழ்ப்பக்கம் திறப்பதாக இருந்தால் உள்ளே இருக்கும் இழுபட்டை தகட்டை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தட்டையான தகடா, வளைந்ததா என்பதும் இங்கே வரும். விலை குறைந்த எடைத் தகடு பல நேரம் பலகை மாதிரி தட்டை. மார்பு தட்டையில்லை. நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு ஓரமும் காற்றில் நிற்கும், ஓடும்போது ஊஞ்சல் ஆடும். கொஞ்சம் கூடக் கொடுத்து வளைந்ததை வாங்குங்கள். இந்தப் பட்டியலில் எல்லோரையும் பணம் செலவழிக்கச் சொல்லும் இடங்கள் இரண்டுதான், இது ஒன்று.

மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது

கம்மர்பண்டைத் தளர்த்திய பிறகும் தீரவில்லையா? அப்போது சூடு. கேரியர் மார்பையும் முதுகையும் மூடிவிடுவதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அமெரிக்க ராணுவத்தின் வெப்பக் கணக்கில், ஈரப்பதமான இடத்தில் உடற்கவசம் போட்டவருக்கு வெப்பக் குறியீட்டில் 5 டிகிரி பாரன்ஹீட் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். இங்கிலாந்துக் குளிர்தானே என்று நினைக்க வேண்டாம். ஊர் வெயிலில் வளர்ந்த நான் ஜூலை மாதக் காட்டில்தான் தலை சுற்றி உட்கார்ந்தேன். ஊரில் இரும்பு கட்டிக்கொண்டு யாரும் ஓடவில்லை.

நிழலுக்குப் போய்க் கேரியரையும் தலைக்கவசத்தையும் கழற்றுங்கள், யாரும் சுடாத பாதுகாப்புப் பகுதிக்கு வந்த பிறகு கண்ணைக் காக்கும் கண்ணாடியையும். தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். கூட ஆடுபவர் பேச்சுக் குழறினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பத்தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். மார்ஷலை, அதாவது ஆட்டத்தைக் கவனிக்கும் நடுவரை, கூப்பிட்டு அவசர எண் 999 அடித்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: கடும் பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்ற சந்தேகம் வர வேண்டும். அன்றே ஆஸ்பத்திரி.

கண்ணாடி பனி மூடுகிறது

இதையும் கேரியர் கணக்கிலேயே எழுதலாம். உடம்பு சூடானால் முகம் வியர்க்கும், மூச்சு வேகமாக மேலே அடிக்கும், கண்ணாடி மூடிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டை உள்பக்கம் தடவி ஈரமில்லாமல் துடைத்தால் ஒரு சுற்று தாங்கும். இரட்டைக் கண்ணாடி உள்ள காகிள் இன்னும் நல்லது. எதுவானாலும் ஆட்டத்தின் நடுவே கண்ணாடியைத் தூக்கித் துடைக்கக் கூடாது. ஒன்றும் தெரியவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி மார்ஷலைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் செலவழிக்க வேண்டிய இரண்டாவது இடம் இதுதான். கண்ணாடியின் ஓரத்தில் பொடியாக எழுத்து அடித்திருக்கும். ஈஎன் 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் எஃப் என்றால், 6 மில்லிமீட்டர் விட்டமும் 0.86 கிராம் எடையும் உள்ள எஃகு உருண்டை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்தாலும் தாங்கும். பி என்றால் 120 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃப் தாங்குவது 0.87 ஜூல், பி தாங்குவது 6.2 ஜூல். 0.20 கிராம் பிபி வினாடிக்கு 350 அடி வேகத்தில் வந்தால் 1.14 ஜூல். (பிபி என்றால் இங்கே ரத்தக் கொதிப்பு இல்லை, பிளாஸ்டிக் குண்டு.) இங்கிலாந்துச் சட்டத்தில் தானியங்கி ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு 1.3 ஜூல், ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கிக்கு 2.5 ஜூல் வரை இடமுண்டு. எஃப் எழுத்துக் கண்ணாடி எங்கே நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் "என்" (N) என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் பனி மூடுவதைத் தடுக்கும் பூச்சுக்கான சோதனையிலும் தேறியது என்று பொருள். கம்பிவலைக் காகிளில் பனியே மூடாது, ஆனால் உடைந்த குண்டின் துணுக்கு வலையைத் தாண்டி வரும். பல்லைக் காக்க வலை முகமூடி சரி, கண்ணுக்கு வேண்டாம்.

துப்பாக்கி தோளில் உட்கார மறுக்கிறது

தகட்டின் மேல் மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். சதுர மூலை என்றால் துப்பாக்கிக் கட்டை, அதாவது தோளில் பதியும் பின்பகுதி, அதில் வழுக்கும். தோள்பட்டைக் கொக்கியும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கட்டையை ஒன்றிரண்டு படி உள்ளே தள்ளுங்கள், ஏனென்றால் கேரியர் போட்ட பிறகு உங்கள் நெஞ்சு ஓரிரு அங்குலம் முன்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

"ஹிட் சொல்ல மாட்டேன் என்கிறான்" என்று பெயர் வாங்கிவிட்டேன்

இது உடம்பு வலி இல்லை, ஆனாலும் இரும்புத் தகடு கொடுத்த பெரிய தலைவலி எனக்கு இதுதான். பெயின்ட்பாலில் சாயம் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும். ஏர்சாஃப்டில் அடையாளமே கிடையாது, பட்டவன் தானாகக் கையைத் தூக்கி "ஹிட்" என்று சொன்னால்தான் உண்டு. ஆட்டம் முழுக்க அந்த நாணயத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒருநாள் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான். கோபத்தை அடக்கிக்கொண்டு மரியாதையாகவே கேட்டான்: "அண்ணை, முதுகில மூண்டு தரம் அடிச்சனான். நீங்கள் கையே தூக்கேல்லை."

"எனக்குத் தெரியவே இல்லை தம்பி."

அவன் பேசாமல் என் பின்னால் போய் முதுகில் விரல் முட்டியால் தட்டினான். டக், டக், டக். காதில் விழுந்தது, உடம்பில் ஒன்றுமே படவில்லை. "இரும்புக்க நிண்டா எப்பிடித் தெரியும்?" என்று சிரித்துவிட்டான்.

அன்றிலிருந்து பின் தகட்டை எடுத்துவிட்டேன். நுரைத் தகடும் அடியை விழுங்கும் என்பதால் கேரியரின் பின் தகட்டுப் பை காலி, முன்னால் மட்டும் நுரை. இப்போது பின்னாலிருந்து அடித்தால் சுரீரென்று தெரிகிறது. எடை வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் காதை நம்புங்கள்: "டக்" என்று கேட்டால் பட்டது என்றே வைத்துக்கொண்டு வெளியேறுங்கள். இரண்டு காதையும் மூடும் ஹெட்செட் அதற்கு ஆகாது.

பௌச்சுகள் தொங்கி ஆடுகின்றன

பௌச்சின் பட்டையைக் கேரியரில் தைத்திருக்கும் நாடா வரிகள் வழியாக மட்டும் மேலிருந்து கீழே செருகியிருப்பீர்கள். பின்னல் மாதிரி போக வேண்டும்: கேரியரில் ஒரு வரி, பௌச்சின் முதுகில் ஒரு வரி, மறுபடி கேரியரில். கையில் எடுத்துக் குலுக்கினால் ஆடக் கூடாது.

சரி, எடைத் தகட்டை என்ன செய்வது?

தூக்கிப் போட வேண்டாம். வார நாளில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை நுரை. தகடு இரண்டையும் எடுத்ததும் என் 13.4 கிலோ 5.4 ஆனது, முன் நுரையைச் சேர்த்தாலும் 5.6-ஐ எட்டவில்லை.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ, எங்கிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் "மர்ஃப்" பயிற்சியிலிருந்து. 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்த அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படை லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி செய்துவந்த பயிற்சி அது. அவர் அதை "பாடி ஆர்மர்" என்று அழைத்தார். ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 பஸ்கி, மறுபடி ஒரு மைல் ஓட்டம். அவர் சீல் வீரர். நாம் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

நான் செய்தது இது. முதல் இரண்டு வாரம் காலிக் கேரியரோடு நடை. அப்புறம் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு, எனக்கு மூன்றரைக் கிலோ போல, அரை மணி நடை, வாரம் இரண்டு நாள். வலியில்லாமல் இரண்டு வாரம் போனால் ஒரு கிலோ கூட்டுவது. பத்தில் ஒரு பங்கில் நிறுத்திவிட்டேன். முழு எடையோடு ஓடுவதில்லை, முழங்கால் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது. எடையைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதால், வாங்கும்போதே ஒரே 4 கிலோ தகட்டைவிடச் சின்னச் சின்னதாய்ப் போடும் வகையை எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பயிற்சிக்கு பௌச் இல்லாத கறுப்பு வெஸ்ட் போதும். கேமோ கேரியரோடு இருட்டில் பூங்காவைச் சுற்றினால் யாராவது போலீஸுக்குப் போன் போடுவார்கள், நம் தோல் நிறத்துக்கு இன்னும் சீக்கிரம் போடுவார்கள். துப்பாக்கியையும் சேர்த்துத் தூக்கிப் பழகலாமே என்ற யோசனை அறவே வேண்டாம். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதே இங்கே குற்றம். அந்த 3 கிலோவுக்குப் பதில் கையில் தண்ணீர்ப் பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தகட்டை வெளியே எடுத்துத் துடைத்து நிறுத்தி வையுங்கள். வியர்வை உப்பு பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் ஒரே வாரத்தில் துரு பிடித்து, சட்டையில் காவிக் கறை விடும். கேரியரை வெதுவெதுப்பான நீரில் கையால் அலசி நிழலில் காயவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் வெல்க்ரோ வீட்டம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிழையை நீக்க என்னிடம் வழிமுறை இல்லை.